மூன்றாம் கிணற்றுத் தண்ணீர்

என் கையெழுத்து நன்றாக இருக்கும் ஐயா. பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்ததே அதனால்தான். திருவரங்குளத்துப் பக்கம் ஆறு கிணறுகளில் செவ்வாய்தோறும் தண்ணீர் எடுத்து, வாந்திபேதிக் கிருமி இருக்கிறதா என்று சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆறு வருஷம் எழுதினேன். ஒரு கண்ணாடிக் குழாயைக்கூட உடைத்ததில்லை.

போன தை மாதம், 1961இல், பேராசிரியர் வந்தார். இரண்டு வருஷமாக எந்தக் கிணற்றிலும் கிருமி இல்லை, பங்குனியோடு நிலையத்தை மூடிவிடலாம் என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் தற்காலிக ஊழியன். இன்னும் ஒரு வருஷம் ஓடியிருந்தால் நிரந்தரமாகியிருப்பேன்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அமராவதி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். "மறுபடியும் கல்லுடைக்கப் போகணுமாங்க? என் கை தாங்காதுங்க." அவளுக்கு ஏற்கெனவே விரல்கள் மடங்காது. யார் யாரையோ போய்ப் பார்த்தேன், காலில்கூட விழுந்தேன்.

ஜீப் ஓட்டும் சந்தனம்தான் ஒரு வழி சொன்னான். "ஒரு கெணத்துல கிருமி இருக்குன்னு எழுதிப்புடுங்க குழந்தைசாமிண்ணே. யாரு வந்து பாக்கப்போறா?"

எனக்கு அது பிடிக்கவில்லை. என்னை நம்பிக் கொடுத்த பதிவேடு. இல்லாததை இருக்கிறது என்று எழுத மனசு வரவில்லை.

சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க நாங்களே கண்ணாடிக் குழாய்களில் கிருமி வளர்த்து வைத்திருந்தோம். அடுத்த செவ்வாய் ஒரு குழாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். மூன்றாம் கிணற்றில், பக்கத்துக் குடிசையிலிருந்து தண்ணீர் எடுக்க வரும் செவந்தி எப்போதும்போலத் தன் வாளியைக் கொடுத்தாள். திருப்பிக் கொடுக்கும்போது, "இனிமே தண்ணியக் காய்ச்சிக் குடிங்க தாயி" என்றேன். "வெறகுக்கு எங்கிட்டுப் போறது?" என்று சிரித்தாள். என் கடமைக்குச் சொல்லிவிட்டேன். அவள் குடத்தோடு போன பிறகு குழாயைக் கிணற்றில் கவிழ்த்தேன்.

அடுத்த வாரம் சோதித்தேன். கிருமி இருந்தது. சிவப்பு மையில் எழுதினேன். நிலையத்தை மூடவில்லை.

பதினொரு பேர் இறந்தார்கள். செவந்தியின் இரண்டு பிள்ளைகளும் அதில் சேர்த்தி. போன செவ்வாய்கூட அவள்தான் எனக்கு வாளி கொடுத்தாள்.

குழாய் ஒன்று குறைந்ததையும் அன்றே நான் எழுதி வைத்தேன். அதை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள். பதிவேடு உங்கள் மேஜைமேல்தான் இருக்கிறது ஐயா, முதல் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு வரிகூடப் பொய்யில்லை.