கோட்டையில் கழற்றிய சப்பாத்து

தோர்ண்டன் ஹீத் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெரியவர், பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: "ஜெர்மனியிலை அந்தக் கோட்டைக்குள்ளை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நிண்டனான்."

"அதென்ன கோயிலே, அண்ணை?"

"இல்லை. மலைக்கு மேலை ஒரு பழைய கோட்டை. முந்திச் சனம் உரிமை கேட்டுக் கொடியோடை ஏறினதாம். அங்கை மேடையிலை பேசின ஆக்களைப் பிடிச்சுச் சிறையிலை அடைச்சவங்களாம். அந்தக் கொடிதான் இப்ப நாட்டுக்கே கொடி. அண்டைக்குக் கையிலை கொண்டுபோன கொடியைக் கண்ணாடிக்குள்ளை வைச்சிருக்கிறாங்கள்."

"அதுக்கு ஏன் கழட்டினியள்?"



"என்ரை தம்பியும் உரிமை கேட்டு ஊர்வலம் போனவன்; திரும்பி வரேல்லை. றோட்டிலை கிடந்த அவன்ரை ஒரு செருப்பைத்தான் கொண்டுவந்து தந்தவை. அம்மா அதைக் கழுவிச் சாமிப்படத்துக்குப் பக்கத்திலை வைச்சவ."