மூன்றாவது வாரத்து எலும்பு

இந்தப் பல் மருத்துவமனையின் ஆண்டு விழாவை அலங்கரிக்கும், அலங்காரத்துக்கு என்றுமே குறை வைக்காத துறைத்தலைவர் அவர்களே! எனக்குப் பின்னால் பணியில் சேர்ந்து எனக்கு முன்னால் மேடை ஏறிவிட்ட நண்பர்களே! ஆன்றோர்களே! பிள்ளைகளின் பல்வரிசைக்காக எங்கள் வராந்தாவில் வரிசையில் நின்று கால் கடுத்த தாய்மார்களே! வணக்கம்.

எலும்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எலும்பை நினைத்தாலே எனக்கு அச்சம்தான் வருகிறது.

கிளிப் போட்டுப் பல்லை இழுக்க அசையாத ஒரு பிடி வேண்டும். பக்கத்துப் பல்லில் கட்டினால் அதுவும் சேர்ந்து நகரும். எனவே தாடை எலும்பில் ஒரு டைட்டானியம் திருகைப் பதிக்கிறோம். பதித்த அன்று பாறைபோல் நிற்கும். நம்பலாமா? நம்பக் கூடாது, தாய்மார்களே! காயம்பட்ட எலும்பு முதலில் தன்னைக் கரைக்கும். பிறகுதான் புதிதாய்க் கட்டும். பழைய பிடி தளர்ந்து, புதிய பிடி பிறவாத மூன்றாவது வாரம் இருக்கிறதே, அதுதான் பொல்லாத வாரம்!

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கணக்கு டீச்சருக்குத் திருகு பதித்தேன். மூன்றாவது வாரம் மருத்துவமனையைப் பார்வையிட விருந்தினர் வந்தார்கள். அவர்கள் முன்னே, பல்லை இழுக்கும் ஸ்பிரிங்கை அந்தத் திருகில் மாட்டச் சொன்னார் இதே தலைவர்.

"சார், இருபத்தொரு நாள்தான் ஆகுது."

"முதல் நாளே மலை மாதிரி நின்னுச்சேய்யா! ஏன் பயந்து சாகுற? எலும்பு உன் காதுல வந்து சொல்லுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். வெட்கம் கெட்டு நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மாட்டினேன்.

பத்தாம் நாள் டீச்சர் வந்தார். "நாக்கு பட்டாலே ஆடுது சார்." வாய்க்கண்ணாடியின் காம்பால் திருகைத் தட்டினேன். எலும்பு பற்றியிருந்தால் கணீரென்று ஒலிக்க வேண்டும். சொத்தென்று ஒலித்தது. இரண்டு விரலால் பிடித்ததும் கையோடு வந்துவிட்டது! சுற்றிலும் எலும்பு இல்லை, கொழகொழவென்று சதை.

டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார்: "மாட்டும்போது உங்க கை நடுங்குச்சே சார். அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

கழன்ற திருகைத் தட்டில் போட்டேன். அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று என் பெயர் ஏறியது. தலைவருக்குப் பாராட்டு விழா நடந்தது. மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா? தேதியோடு நினைவிருக்கிறது!

யாரது, "உட்காருங்க சார்" என்பது? ஒன்பது ஆண்டு உட்கார்ந்துதானே இருந்தேன் தம்பி! இன்னும் இரண்டு நிமிடம் நிற்கிறேன்.

நாளைக் காலை பத்து மணி. மறுபடியும் விருந்தினர். மறுபடியும் ஒரு திருகு, ஒரு சின்னப் பெண்ணின் தாடையில். அதற்கு வயது இருபது நாள். மாட்ட வேண்டிய கை இந்தக் கை. பாருங்கள், இப்போதே நடுங்குகிறது. அந்தப் பெண்ணின் தாயும் இந்த அரங்கில் இருக்கிறார்; எந்த வரிசை என்று சொல்ல மாட்டேன்.

தலைவர் அவர்களே! உங்களிடம் எனக்கு இன்றும் பயம்தான். நாளை என் வேலையே போகலாம். ஆனால் அந்த எலும்புக்கு உங்கள் பதவி தெரியாது. உங்கள் விருந்தினரைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது அதன் நாள் கணக்கு மட்டுமே! நாளை நான் மாட்ட மாட்டேன்.

அம்மா, நாளைக்கு மகளை அழைத்து வராதீர்கள். புதிய எலும்பு பிடிக்க மூன்று மாதம் ஆகும், அது முடியட்டும். தட்டிப் பார்ப்போம். கணீரென்று கேட்டால், நடுங்காத கையால் மாட்டித் தருகிறேன்.

பொறுத்துக் கேட்டவர்களுக்கும், பொறுக்க முடியாமல் கேட்டவர்களுக்கும் நன்றி. வணக்கம்.