தாஜ்மகால் வாசலில் இரண்டு மணி நேரம்

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டிலிருந்து அட்டன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவர் சொன்னார்:

"தாஜ்மகால் வாசல்ல ரெண்டு மணி நேரம் நின்னேன்க்கா. உள்ள போகல."

"ஏன்?"

"நான் வேலை செஞ்ச சிங்கப்பூர் வீட்டுப் புள்ள தூங்கிருச்சு. தூக்கிக்கிட்டு நெழல்ல நின்னேன். பேங்கொக், டோக்கியோ எல்லாம் கூட்டிட்டுப் போனாங்க. அங்கயும் ஹோட்டல் ரூம்ல புள்ளயப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"ஒன் மகள எங்கயாவது கூட்டிப் போனியா?"

"ஊருக்கு வந்ததும் சிவனொளிபாத மலைக்குப் போவோம்னு போன்ல சொல்லியிருந்தேன். ரெண்டு யாத்திரை சீசன் எனக்காகப் போகாம இருந்திருக்கா. மூணாவது சீசன்ல கூட்டாளிங்களோட ஏறிட்டா."

"இப்பப் போகலாமே."

"கேட்டேன். 'நான் பாத்துட்டேம்மா, நீங்க போயிட்டு வாங்க'ன்னு சொல்லிட்டா."