தொண்ணூறு லிட்டர் வாசனை

— லாரிக்காரன் விலைக்குப் பார்த்தா நாலு டாலர் ஆகுது, நோலீன். ஆனா நீ உட்கார்ந்திருக்கிற தொட்டியில இருக்கிறது லாரித் தண்ணி இல்ல, நம்ம கூரையில விழுந்த மழை. அதுக்கு விலையே கிடையாது. தொண்ணூறு லிட்டர். நானே அளந்து ஊத்தினேன்.

— அளந்தது போதும், க்ளைட். கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு என் முழங்காலுக்குக் கணக்கு எழுதாத. மழை பொய்ச்ச இந்த மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் இடுப்புக்கு மேல தண்ணி ஏறியிருக்கு. கொஞ்சம் அனுபவிக்க விடு.

— அனுபவிக்கவா உன்னை இறக்கியிருக்கேன்? பரிசோதனைக்கு. தண்ணியில நுரைச்சுக் கரையுற அந்தக் குளியல் குண்டைப் போட்டாச்சா?

— கையில வச்சிருக்கேன். அசல் டென்னிஸ் பந்து அளவு.

— டென்னிஸ் பந்தைப் பாதியா அறுத்துத்தானே அச்சு செஞ்சேன். வேற எந்த அளவுல இருக்கும்?

— நாயோட பந்து காணாமப் போனது இப்படித்தானா? இத்தனை மாசமா ரோமம் கத்தரிக்கிற கொட்டகையில பூட்டிக்கிட்டு க்ளைட் என்னதான் பண்றான்னு பக்கத்துப் பண்ணை க்ளெனிஸ் கேட்டா. திருட்டுத்தனமா ரம் காய்ச்சுறான்னு சொல்லி வச்சேன். நம்பிட்டா.

— நல்லதாப் போச்சு. அது மரியாதையான தொழில்.

— சரி, போடுறேன். ம்...

— என்ன ம்? கிடா வாங்க வந்தவன் மாதிரி இழுக்காத. நுரை எப்படி? மூழ்குதா, சுத்துதா?

— சுத்துது. பால் குடிக்கிற ஆட்டுக்குட்டி வால் ஆட்டுமே, அப்படி. தண்ணி மஞ்சளாகுது. முதல்ல நம்ம ஓடைக்கரை வாட்டில் மரத்துப் பூ வாசனை வருது. பின்னாடியே ரோஜா. ரோஜா எங்க கிடைச்சுது உனக்கு?

— வேலியோரம். பாத்திரம் கழுவின தண்ணியை ஊத்தி நீ காப்பாத்தினதுதான். உதிர்ந்த இதழை மட்டும்தான் எடுத்துக் காய வச்சேன், சத்தியமா.

— பொழைச்சுப் போ. க்ளெனிஸோட லாவண்டர் சோப்பு இதுக்குப் பக்கத்துல நிக்காது. ஒன்பது வருஷமா விவசாயக் கண்காட்சியில கைவேலைப் பிரிவு முதல் பரிசு, அந்த நீல ரிப்பன், அவளுக்குத்தான். இந்த வருஷம் அவ மூஞ்சியைப் பார்க்கணும்.

— பொறு. ரிப்பன் குத்துறதுக்கு முன்னாடி தோலைத் தொட்டுப் பாரு. வழுக்கணும்.

— வழுக்குது. முழங்கையில தண்ணி நிக்கவே மாட்டேங்குது, உருண்டு ஓடுது. என்ன போட்ட இதுல?

— கம்பளிக் கொழுப்பு. மருந்துக்கடைல சுண்டுவிரல் அளவு புட்டிக்கு என்ன விலை சொல்றான் தெரியுமா? நானே ரோமத்தைக் கொதிக்க வச்சு, மேல மிதந்ததை வழிச்செடுத்தேன்.

— எந்த ரோமம்? ஒரு ஆடு மிச்சமில்லாம ஜனவரியிலயே வித்து லாரி ஏத்திட்டோமே.

— ஒரு மூட்டை வச்சிருந்தேன்.

— க்ளைட்.

— என்ன?

— இந்தப் பூவுக்கெல்லாம் அடியில இன்னொரு வாசனை இருக்கு. கிடா வாசனை.

— இருக்காது. பத்து தடவை வடிகட்டினேன். எனக்கு ஒண்ணும் தெரியலையே.

— உனக்கு எப்படித் தெரியும்? பிறந்ததுல இருந்து அதுலயே மூச்சு விட்டவன் நீ. எனக்கும் முன்னெல்லாம் தெரியாது. எட்டு மாசமா வீட்டுல அது இல்ல, அதான் இப்போ மூக்குல ஏறுது. இது நம்ம கிடா மேயரோட ரோமம்தானே?

— அவன் சாகுறதுக்கு முன்னாடி கடைசியாக் கத்தரிச்சது. விக்கக் கை வரலை.

— உயிரோட இருந்தப்போ மட்டும் கை வந்துச்சா? குயின்ஸ்லாந்துல இருந்து ஒருத்தன் இருபதாயிரம் டாலர் தர்றேன்னு வந்து நின்னான். மேயரை விக்கிற ஊர் இது இல்லன்னு சொல்லி, டீ கொடுத்து அனுப்பின.

— நல்ல கிடா. அவனும் அவன் அப்பனுமா பதினோரு ரிப்பன். சரி, தண்ணியைத் திறந்து விடு. நடுவர் சிட்னியில இருந்து வர்றா. பூ வாசனைப் பிரிவுல கிடா நாறினா ஊரே சிரிக்கும். மிச்ச உருண்டையைத் தூக்கிப் போட்டுட்டு வேற செய்றேன், மேயர் இல்லாம.

— எப்போ செய்வ? பேர் கொடுக்க இன்னிக்குத்தான் கடைசி நாள், அஞ்சு மணிக்குக் கண்காட்சி ஆபீஸைப் பூட்டிடுவாங்க. போட்டுப் பார்க்க இன்னொரு தொண்ணூறு லிட்டர் எந்தக் கூரையில இருக்கு?

— அப்போ விடு. இந்த வருஷம் நாம இல்ல.

— நாப்பத்தோரு வருஷமா கண்காட்சிப் புத்தகத்துல நம்ம வீட்டுப் பேர் இல்லாத வருஷமே கிடையாது. கடைசி லாரி வாசல் தாண்டினப்போ நீ சொன்னதும் அது ஒண்ணுதான்: இனிமே புத்தகத்துல இருக்க மாட்டோம்னு. அன்னிக்கு ராத்திரி நீ சாப்பிடல.

— அதனாலதான் புத்தகத்துல புதுசாக் குளியல் குண்டுன்னு ஒரு பிரிவைப் பார்த்ததும் உருட்ட உட்கார்ந்தேன். அதனாலதான் உன் பேர்ல போடவும் சொன்னேன். கிடாவுக்கு ரிப்பன் வாங்கினவன் பூவுருண்டை பிடிக்கிறான்னு தெரிஞ்சா மதுக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

— முடிச்சிட்டியா? இப்போ நான் சொல்றேன். கால் மணி நேரமா இதுல ஊறிக் கிடக்கேன். க்ளெனிஸோட சோப்பு யார் வீட்டுல வச்சாலும் ஒரே மாதிரி மணக்கும். இது நம்ம வீடு மட்டும்தான் மணக்குது. ஆகஸ்ட் மாசம், ஓடைக்கரை முழுக்க வாட்டில், கொட்டகைக் கதவு திறந்திருக்கு, நீ வேலை முடிச்சு உள்ள வர்ற. சிட்னிக்காரிக்குப் பிடிக்கலைன்னா அது அவ மூக்கோட குறை.

— நெஜமாவா சொல்ற?

— முப்பது வருஷத்துல உன் காபியை என்னிக்காவது நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கேனா?

— இல்ல.

— அப்போ நம்பு.

— படிவம் எங்க?

— இங்கதான், ஸ்டூல் மேல. எழுதிக்கிட்டேதான் இருக்கேன். ஓரம் கொஞ்சம் நனைஞ்சிருச்சு.

— படி.

— பிரிவு: குளியல் குண்டு, பூ வாசனை. சேர்த்த வாசனைகள்: வாட்டில், ரோஜா, மேயர்.

— மேயரை அடிச்சிடு.

— பேனாவுல எழுதியாச்சு. அடுத்த கேள்வி: போட்டியாளர் தானே இதில் குளித்துப் பார்த்தாரா?

— ஆமான்னு போடு. அதான் குளிச்சிட்டியே.

— நான் குளிச்சேன். போட்டியாளர் இன்னும் குளிக்கல.

— நோலீன். முதல் வரியில யார் பேர் போட்ட?

— க்ளைட் ஹார்கன், நாப்பத்திரண்டாவது வருஷம். மணி இப்போ நாலேகால். தொண்ணூறு லிட்டர்ல என் பங்கு முடிஞ்சது, கடைசிப் பங்கு வேலியோர ரோஜாவுக்கு, நடுவுல உன் பங்கு மட்டும் பாக்கி. சூடு ஆறுறதுக்குள்ள பூட்ஸைக் கழட்டிட்டு வா.