கொடி ஏறாமல் வெடி இல்லை என்றவர்

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் ஊராட்சித் தலைவர் சர்பஞ்ச் ரங்கையா அவர்களே, கல்குவாரி மேனேஜர் யஸ்வந்த் அவர்களே, மறைந்த அண்ணனின் துணைவியார் நளினி அவர்களே, பிச்சாட்டூர் பக்கத்திலிருந்து டிராக்டர் ஏறி வந்திருக்கும் என் சொந்தங்களே! எல்லோருக்கும் ஊர்க் குழுத் தலைவி கிருஷ்ணம்மாவின் வணக்கம்.

அழத்தான் வந்தேன். ஆனால் நாகபூஷணம் அண்ணனின் படத்தைப் பார்த்ததும் சிரிப்பு முந்திக்கொண்டது. அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள். குவாரிக் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரியாக வந்த அவரை எங்கள் ஊர் முதன்முதலில் எப்படி வரவேற்றது தெரியுமா?

ஆறு வருடத்துக்கு முன்னால், ஆடி மாதம். கங்கையம்மன் கோயில் வாசலில் நாற்பது பானைக் கூழ் வரிசையாகத் திறந்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் குவாரியில் வெடி வைத்தார்கள். முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டினார்களாம். எங்கே? கம்பெனி கேட்டுக்கு உள்பக்கம், இங்கிலீஷில்! கல்தூசி அத்தனை பானையிலும் இறங்கியது. ஊரே கொதித்தது. சமாதானம் பேச வண்டியில் வந்து இறங்கினார் இவர். நான் ஒரு சொம்பு நிறைய மொண்டு நீட்டினேன்.

"குடி சார். உங்க கம்பெனி போட்ட பொடி எப்படிக்குதுன்னு சொல்லு."

ஏதாவது சாக்குச் சொல்வார் என்று பார்த்தேன். சப்பணமிட்டு உட்கார்ந்தார், முழுவதையும் குடித்தார், வாயைத் துடைத்தார். "பல்லுல நறநறங்குதும்மா. கடிச்சிக்க ஒரு வெங்காயம் குடு. அப்பால, நாங்க என்னா பண்ணணும்னு சொல்லு" என்றார்.

அதுவரை வந்தவர்கள் எல்லாம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போக வந்தவர்கள். என்ன செய்ய வேண்டும் என்று எங்களைக் கேட்டவர் யார்? அண்ணன் நாகபூஷணம் ஒருவரே! அன்று வாங்கியதுதான் பச்சைக்கொடி. கோயில் மேட்டில் ஊர்க் குழு கொடி ஏற்றினால்தான் சைரன். சைரன் ஊதினால்தான் வெடி. சென்னை ஆபீஸைக் கேட்காமலே ஒப்புக்கொண்டார். அதற்காக வாங்கிக்கட்டிக்கொண்டதையும் அவரே சிரித்துச் சிரித்துச் சொல்வார்.

ஒருநாள் நான் கொடி ஏற்றவில்லை. என் எருமை கன்று போட முடியாமல் தவித்தது. வெடிச் சத்தம் கேட்டால் மிரண்டுவிடும். மூன்று மணிவரை குவாரியே காத்துக்கிடந்தது. காரணம் கேட்க வந்த அண்ணன், சட்டைக் கையை மடித்துவிட்டுக் கன்றின் காலைப் பிடித்து இழுத்தார்! தாமதத்துக்கு விளக்கம் கேட்டுச் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. அவர் எழுதிய பதில்: 'எருமைப் பிரசவம். தாயும் சேயும் நலம்.'

போன வியாழக்கிழமை திருப்பதி ஆஸ்பத்திரியில் அவர் மூச்சு நின்றது. கொடி அவர் தந்த வாய்வார்த்தை. காகிதத்தில் ஒரு வரி கிடையாது. அவரோடு அதுவும் போய்விடுமோ என்று பயந்தேன். மறுநாள் நாங்கள் எல்லோரும் புத்தூரில், சாவு வீட்டில். குவாரியில் வெடிக்கு எல்லாம் தயார். சைரனை ஊதச் சொன்னார் புது மேனேஜர். வெடி வைக்கும் சந்துரு கோயில் மேட்டைக் காட்டினான்.

"கொடி ஏறலியே சார். ஏறாம நான் கை வெக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கல்மேல் உட்கார்ந்துகொண்டான். கூட இருந்த பதினெட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள்.

யஸ்வந்த் சார், நீங்கள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. காரை எடுத்துக்கொண்டு புத்தூருக்கே வந்து, கூட்டத்தில் என்னைத் தேடிப்பிடித்து, இன்றைக்கு வெடிக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் பாடைக்குத் தோள் கொடுத்தீர்கள். அண்ணனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா? என் பயம் பாதி போய்விட்டது.

மீதிப் பாதிக்கு நான் காகிதம் கொண்டுவந்திருக்கிறேன். வாய்வார்த்தையை நம்பினோம், சொன்னவர் அப்படிப்பட்டவர். இனி அது எழுத்தில் இருக்கட்டும். எங்கள் பக்கத்து உறுதியையும் ஊரறியச் சொல்கிறேன்: வீம்புக்காகக் கொடியை மடித்துவைக்க மாட்டோம், யாருக்கும் பயந்து ஏற்றவும் மாட்டோம்.

அண்ணன் படத்துக்குப் பூப்போட வரிசை நிற்கிறது. மேனேஜர் சார், நீங்களும் வாருங்கள். பேனா என்னிடம் இருக்கிறது. முதலில் கையெழுத்து, அப்புறம் பூ.