மரப்புழு அரித்த அலமாரி

எங்கள் ஊரில் காப்பிக்குக் கூப்பிட்டால் பிஸ்கட் ஒன்றுதான் கிடைக்கும். அதை எடுத்ததும் டப்பாவை மூடிவிடுவார்கள். நீங்கள் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். ஒரு விளக்கைப் பற்றிக் கேட்கத்தானே வந்தீர்கள், அதற்கும் வருகிறேன்.

எங்கள் லேயுவார்டன் ஊரில் வீட்டு உள்ளலங்காரம் என்பது வக்கீலுக்கும் பல் டாக்டருக்கும் எழுதிவைத்த சொத்துபோல இருந்தது. தபால்காரர் வீடும் பஸ் ஓட்டுநர் வீடும் அழகாக இருந்தால் ஆகாதா என்ன? அந்தக் கோபத்தில்தான் தொழிலைத் தொடங்கினேன். என் கட்டணம் அவ்வளவு குறைவு; சொன்னால், காதில் சரியாக விழவில்லையோ என்று இன்னொரு முறை கேட்பார்கள். எங்கள் ஜனங்கள் அப்படி. பக்கத்து வீட்டுக்காரி புது சோபா வாங்கினால் திமிர் என்பார்கள். பாதி விலைக்கு வாங்கினாள் என்று தெரிந்தால் அன்றைக்குத் தூக்கம் வராது.

எனக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. நீங்கள்தான் கேட்கிறீர்கள். எந்த வீட்டிலும் நல்ல பொருள் ஒன்று இருக்கும். வீட்டுக்காரருக்கு அதன் அருமை தெரியாது. அதைப் பார்த்து நான் லேசாக உதட்டைப் பிதுக்குவேன். அவர்களே வெட்கப்பட்டுத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். கொஞ்சம் வர்ணம் பூசி அடுத்த வீட்டில் வைப்பேன். கொடுத்தவருக்கு இடம் மிச்சம், வாங்கியவருக்கு விலை மிச்சம், நடுவில் எனக்குப் புண்ணியம்.

ஒரே தெருவுக்குள்கூட இப்படி மாற்றியிருக்கிறேன். எங்கள் ஜன்னல்களில் திரையை இழுத்து மூடுகிற வழக்கம் கிடையாது. விளக்கைப் போட்டால் கூடம் முழுவதும் தெருவுக்குத் தெரியும். ஆனால் மானமுள்ள எவரும் உள்ளே பார்க்க மாட்டார். அதைவிடப் பத்திரமான இடம் எங்கே இருக்கிறது?

வீபே டைக்ஸ்ட்ரா பார்த்துவிட்டார். அதுதான் வந்த வினை.

கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஆல்ட்யே இறந்த பிறகு தனியாக இருந்தார். மகள் ஃப்ரௌகே, அப்பாவின் பிறந்தநாள் பரிசாக என்னை அமர்த்தினாள். கூடத்தில் ஆல்ட்யேயின் ஓக் மர அலமாரி நின்றது. நானும் உதட்டைப் பிதுக்கிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை.

“அது எங்கயும் போகாதும்மா. ஆல்ட்யே பொழங்குனது. நான் இருக்கிற வரைக்கும் அதுவும் இருக்கும்.”

“எனக்கும் மனசு வரலதான். ஆனா மரப்புழு வந்திருக்கே. விட்டா உத்தரம் வரைக்கும் அரிச்சிடும். எரிச்சுத்தான் ஆகணும்.”

புழு ஒன்றும் இல்லை. ஆணியால் நான்தான் பொடிப்பொடியாக ஓட்டை போட்டிருந்தேன். அவர் அலமாரியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, எடுத்துப் போகச் சொன்னார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் எதிர்வீட்டுக் கார்லைனையும் நினைக்க வேண்டும் இல்லையா? நர்ஸ் வேலை, இரண்டு பிள்ளைகள், இப்படி ஓர் அலமாரிக்கு வருஷக்கணக்காக ஏங்கிக்கொண்டிருந்தவள். வெள்ளை பூசி, ஏதோ பழைய பண்ணை வீட்டில் கிடைத்ததென்று சொல்லி, அவள் கூடத்தில் வைத்தேன். சந்தோஷத்தில் பிஸ்கட் டப்பாவை மூடவே மறந்துவிட்டாள்.

அந்த அலமாரியின் இடது கதவு சாமானியமாக மூடாது. முழங்காலால் ஓர் இடி கொடுக்க வேண்டும். ஒரு சாயங்காலம் டைக்ஸ்ட்ரா தன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, எதிரே கார்லைன் தட்டுகளை உள்ளே வைத்துவிட்டு முழங்காலால் இடித்தாள். ஆல்ட்யேயும் அப்படித்தான் மூடுவாளாம்.

அதன்பிறகு அவருக்கு வேறு வேலையில்லை. ஜன்னலோரமே கதியென்று கிடந்தார். பிறகு தெருவைக் கடந்துபோய் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துப் பார்த்தார். கார்லைன் பயந்துபோய் ஃப்ரௌகேவைக் கூப்பிட்டாள். “உங்கப்பா எங்க வீட்டுக்குள்ள பாக்கிறாரு,” என்றாள். எங்கள் ஊரில் இதைவிடக் கேவலமான புகார் கிடையாது. எதைப் பார்க்கிறார் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. தெருவே அவரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டது.

ஃப்ரௌகே என்னிடம் ஓடிவந்தாள்.

“அது அம்மாவோட அலமாரின்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு, டினேக்கே. நீங்க எரிச்சிட்டீங்கல்ல?”

“என் கண்ணு முன்னாடி எரிஞ்சுது. அப்பாவுக்குக் கொஞ்ச நாளாவே நெனப்பு தப்புது. நீ வருத்தப்படுவேன்னுதான் நான் வாயத் தொறக்கல.”

நான் சொன்னது அவ்வளவுதான். மீதியை எல்லோரும் நல்ல மனதோடு செய்து முடித்தார்கள். டாக்டர் என்ன கேட்டாலும் அவர் அலமாரியைப் பற்றியே பேசினாராம். டாக்டருக்கும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தபின், வீட்டை விற்பதற்கு ஏற்றபடி நான்தான் ஒழுங்குபடுத்திக் கொடுத்தேன். நீங்கள் கேட்கும் விளக்கு அங்கிருந்து வந்ததுதான்.

விளக்கோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் வேலையை அரைகுறையாக விடும் பழக்கம் எனக்கில்லை. எழுதிக்கொள்ளுங்கள்: அலமாரியை ஏமாற்றி எடுத்தேன். புத்தி தெளிவாக இருந்த ஒரு மனிதரைப் புத்தி கலங்கியவர் என்று தெரிந்தே சொன்னேன். அதனால் நான் கெட்டவள் என்று அவசரப்பட்டு முடிவுகட்டிவிடாதீர்கள். அவரைப் போய்ப் பார்க்கிற ஒரே ஆள் நான்தான். போன வாரமும் பூங்கொத்தோடு போயிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“என் புத்திதான் கெட்டுப்போச்சும்மா. பாவம், உங்க மேலயே சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சிடுங்க.”

மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் மன்னித்துவிட்டேன்.