பீரோவை உட்காரவைத்த கை

ஊசியோடு வந்தாலும் உயிர்களெல்லாம் வாலாட்டி வரவேற்கும் வல்லமை பெற்ற, இந்த விழாவின் தலைவர், எங்கள் விலங்கு மருத்துவர் அம்மையார் அவர்களே! வளர்ப்புப் பிராணிகள் நலச் சங்கத்தை வளர்த்தெடுத்த பெரியோர்களே! பெற்ற பிள்ளைக்கு ஒரு தட்டும் பெறாத பிள்ளைக்கு ஒரு தட்டும் வைத்துப் பரிமாறும் தாய்மார்களே! நான் வாய் திறக்கும் முன்பே மணியின் மேல் விரலை வைத்துவிட்ட செயலாளர் அவர்களே! முதல் வரிசையில் கைத்தடியோடு வீற்றிருக்கும் என் இல்லத்தரசியே! அவர் காலடியில் ஒன்றரை நாற்காலி இடத்தை அடைத்துப் படுத்திருக்கும் என் இளைய மகனே! அனைவருக்கும் என் அன்பு கனிந்த வணக்கம்.

என்ன, இளைய மகன் யாரென்று பின்வரிசை தேடுகிறதா? தரையைப் பாருங்கள் ஐயா! பெயர் பீரோ. குட்டியாக வந்த அன்று பீரோவுக்கு அடியில் ஒளிந்தான். இன்று அந்தப் பீரோ இவனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். எழுந்து தாவினால் இரண்டு முன்கால்களும் என் தோளில். வாலை ஆட்டினால் மேசையில் ஒரு டம்ளர் தங்காது.

அன்பு இருந்தது இவனிடம், அடக்கம் இருந்ததா? பாசம் இருந்தது எங்களிடம், பயிற்சி இருந்ததா? என் மனைவி வாசல் கதவைத் திறந்தால் போதும். கூடத்தின் கடைசியிலிருந்து பாய்ந்து வருவான். அவர் சுவரில் சாய்ந்து, "என் தங்கமே, ராசா" என்று கொஞ்சுவார். பாய்ச்சலுக்குப் பரிசு முத்தம் என்றால் யார்தான் பாயமாட்டார்கள்? சிரிக்காதீர்கள் தம்பி, உங்கள் சட்டையிலும் பாதச்சுவடு தெரிகிறது!

அப்படிப்பட்ட வீட்டில்தான் என் மனைவிக்கு மூட்டு அறுவை சிகிச்சை. அவர் மருத்துவமனையில் படுத்திருக்க, என் மூத்த மகன், மனிதப் பிறவியான மகன், என்னைக் கூடத்தில் உட்காரவைத்துச் சொன்னான்: "அப்பா, அம்மா வாக்கர் பிடிச்சிக்கிட்டுதான் நடக்கப் போறாங்க. இவன் ஒரே ஒரு பாய்ச்சல் பாஞ்சா போதும். விழுந்தா மறுபடியும் ஆபரேஷன்னு டாக்டர் சொன்னாருல்ல? அம்மா வர்றதுக்குள்ள இவனை என் ஃப்ரெண்டோட தோட்டத்துல விட்டுடலாம்."

அவன் சொன்னதில் பிழை உண்டா? இல்லை. பெற்றவள்மேல் உள்ள பாசத்தில் பேசினான். ஆனால் அன்று மாலை மருத்துவமனையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. "பீரோ சாப்பிட்டானா?" நான் சாப்பிட்டேனா என்ற கேள்வி வரவே இல்லை! பிறகு, "அவனை எங்கயும் அனுப்பிட மாட்டீங்கல்ல?" என்றது தழுதழுத்த குரல். "நானாச்சு" என்று சொல்லிவிட்டேன். மகனும் இறங்கிவந்தான்: "சரிப்பா. அம்மா வர்ற அன்னிக்கு இவன் உட்காரலைன்னா, அதே வண்டியில ஏத்திடுவேன்."

இங்கேதான் என் திறமையைக் காட்டப் புறப்பட்டேன். பாராட்டு விழாவா, பிரிவுபசார விழாவா, கடைத் திறப்பா, ஒலிபெருக்கி இருக்கும் இடமெல்லாம் ஓய்வின்றி முழங்கியவன் அல்லவா நான்? ஆயிரம் பேரை அசையாமல் உட்காரவைத்தவனுக்கு ஒரு நாய் அடங்காதா? பீரோவின் முன் நின்றேன். தொண்டையைச் செருமினேன். "பாசத்தின் பிறப்பிடமே! நன்றியின் நிழலே! நலம் குன்றிய அன்னையின் நிலையை எண்ணி, அமர்வாய் மகனே, அமர்வாய்!" என்றேன். கண்கொட்டாமல் கேட்டான். கொட்டாவி விட்டான். குறட்டையும் விட்டான். அம்மா, நீங்கள் கைதட்டுவது எனக்கா, அவனுக்கா?

இன்னொரு கூத்தும் உண்டு. மேடை வழக்கம் என்னை விடவில்லை. விருந்தினருக்கு முதலில் பூங்கொத்து, பிறகுதானே பேச்சு? அந்தப் பழக்கத்தில் பிஸ்கட்டை முதலில் நீட்டினேன், "உட்கார்" என்பதைப் பிறகு சொன்னேன். பூங்கொத்தை வாங்கியதும் காருக்கு நடக்கும் சில சிறப்பு விருந்தினர்களைப்போல, பிஸ்கட்டை வாங்கினான், போய்விட்டான்.

இதையெல்லாம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் என் மருமகள். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. "மாமா, நான் மைதானத்துல விசில ஒரு தடவைதான் ஊதுவேன். நீங்க நிறுத்தாம ஊதிக்கிட்டே இருக்கீங்க. இவ்ளோ பேச்சுல எந்த வார்த்தைக்கு அவன் உட்காரணும்?"

என்ன கேள்வி! என் வாழ்நாளில் எந்தத் தலைவரும் என்னிடம் கேட்கத் துணியாத கேள்வி! வேகவைத்த கோழித்துண்டு ஒன்றை அவன் மூக்கருகே காட்டி, மெல்ல மேலே உயர்த்தினாள். தலை மேலே போனது, பின்பக்கம் தானாகக் கீழே இறங்கியது. இறங்கிய அந்த நொடியில் "உட்கார்" என்றாள், கறியைக் கொடுத்தாள். அவ்வளவுதான்! பிறகு கறியை மறைத்துவிட்டு வெறும் உள்ளங்கையை உயர்த்தினாள். அதற்கும் உட்கார்ந்தான். பாய்ந்தால் முதுகைத் திருப்பிக்கொண்டாள். நான்கு காலும் தரைக்கு வந்தால்தான் கொஞ்சல். வாக்கரை முன்னதாகவே வாங்கிவந்து, அவளே நோயாளியாக நொண்டி நொண்டி நடந்தாள். ஒரு காலைத் தூக்கிக் கைகொடுக்கும் வித்தையையும் சொல்லித்தந்தாள். அவன் கற்றுக்கொண்டான் சுருக்கமாக உட்கார. நான் கற்றுக்கொண்டேன் சுருக்கமாகப் பேச. இன்று அது தெரியவில்லை என்கிறீர்களா? செயலாளர் முகமும் அதைத்தான் சொல்கிறது!

வந்தது அந்த நாள். மருமகள் பள்ளிக்குப் போய்விட்டாள். வாசலில் கார் நின்றது. மகன் கதவைத் திறந்தான், ஒரு கையில் அம்மாவின் பை, மறுகையில் சங்கிலி. வாக்கரின் சத்தம் கேட்டது. கூடத்தின் கடைசியில் பீரோ எழுந்தான். காது நிமிர்ந்தது. உடம்பெல்லாம் நடுங்கியது. அவனுடைய அம்மா! அத்தனை நாள் காணாத அம்மா! இளைத்துப்போய், இரண்டு கையாலும் வாக்கரை இறுகப் பிடித்தபடி என் மனைவி வாசலில் நிற்கிறார். பீரோ கிளம்பிவிட்டான்.

"உட்கார்" என்று நான் சொல்லவேண்டும். ஒரே வார்த்தை! ஊரெல்லாம் முழங்கிய வாய் உலர்ந்துபோனது. வரவில்லை ஐயா, வார்த்தை வரவில்லை! கண்ணீர் வந்தது, குரல் வரவில்லை. என்ன செய்வேன்? கையை உயர்த்தினேன். வெறும் கையை.

நின்றான். என் கையைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அழுதுகொண்டே, ஆம், முனகி முனகி அழுதுகொண்டே உட்கார்ந்தான்!

என் மனைவி அடிமேல் அடிவைத்து அந்தக் கூடம் முழுவதும் நடந்து, நாற்காலியில் அமரும்வரை அவன் அசையவில்லை. அமர்ந்த பிறகு, அருகில் போய், ஒரு காலைத் தூக்கி அவர் மடிமேல் வைத்தான். மகன் சங்கிலியை ஆணியில் மாட்டிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். என் மனைவி என்னைப் பார்த்துச் சொன்னார்: "இத்தனை வருஷத்துல நீங்க பேசினதுலயே இதுதாங்க நல்ல பேச்சு."

தாய்மார்களே, பெரியோர்களே! அன்பு பெரிதுதான், ஆனால் அது பாயாமல் இருக்கப் பழகினால்தான் நோயுற்றவர் அருகில் அதற்கு இடம் கிடைக்கும். நாய்க்கு மட்டுமா சொல்கிறேன்? நமக்கும்தானே! இதை இன்னும் விரிவாக...

ஆகா! முதல் வரிசையில், கைத்தடிக்குப் பக்கத்தில், ஓர் உள்ளங்கை உயர்ந்துவிட்டது. செயலாளர் அவர்களே, உங்கள் மணிக்கு இனி வேலையில்லை. கேட்ட செவிகளுக்கும், தாங்கிய நாற்காலிகளுக்கும், வீட்டுக்கு வந்து நலமாக நடக்கும் அந்தக் கால்களுக்கும் என் நன்றி. இதோ, அந்தக் கையைப் பார்த்துப் பீரோவும் எழுந்து ஒழுங்காக உட்கார்ந்துவிட்டான். அவன் உட்கார்ந்த பிறகு நான் நிற்பது முறையல்ல. வணக்கம், அமர்கிறேன்!